நீரின் நிலைமை வரைபடமும் பீங்கான் சூளையும்

நிலைமை வரைபடம் என்பது ஒரு பொருள் எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில் திண்மமாகவோ நீர்மமாகவோ ஆவியாகவோ இருக்கும் என்பதைக் காட்டும் படம். இதைக் கட்ட வரைபடம் என்றும் சிலர் எழுதுவர். கிடை அச்சில் வெப்பநிலையும் செங்குத்து அச்சில் அழுத்தமும் குறிக்கப்படும். மேல்நிலை வகுப்பிலும் கல்லூரி முதலாண்டிலும் நீரின் நிலைமை வரைபடம் பாடமாக வருகிறது. மூன்று கோடுகளை வரைந்து, அவற்றுக்குப் பெயர் எழுதி, நடுவில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்தப் படத்தை வாசிக்கத் தெரிகிறதா என்பது வேறு கேள்வி. கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தின் பீங்கான் பட்டறைகளில் அன்றாடம் நடப்பதை வைத்து அப்படத்தை வாசிக்க இக்கட்டுரை முயல்கிறது.

சூளையில் எழுந்த கேள்வி

மணிமுத்தாற்றங்கரையில் உள்ள விருத்தாசலத்தை வெளியூரார் பழமலைநாதர் கோயிலால் அறிவர். தொழில் துறையினர் பீங்கானால் அறிவர். அருகிலுள்ள நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் வெண்களிமண் கிடைப்பது இத்தொழில் இங்கே வேர்பிடித்ததற்கு ஒரு காரணம். பீங்கான் தொழிற்பேட்டையும், இத்தொழிலுக்கென்றே அரசின் பயிலகமும் இங்கு உண்டு. கொலு பொம்மை, அகல் விளக்கு, மின்சாதனங்களுக்கான பீங்கான் உறுப்புகள் எனப் பலவும் இங்கே செய்யப்படுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி அடைமழையின்போது, என்னிடம் பள்ளியில் படித்துப் பின்பு சிறு பட்டறை வைத்த ஒருவர் கார்த்திகை விற்பனைக்காக அகல்களையும், சற்றுக் கனமான யானை விளக்குகளையும் ஒரே சூளையில் ஏற்றினார். ஒரு வாரம் நிழலில் காய்ந்த சரக்கு. தொட்டுப் பார்த்தால் காய்ந்துவிட்டது போலத்தான் இருந்தது. நாள் நெருங்கிவிட்டதால் தீயைச் சற்றுக் கூட்டிவைத்தார். இரண்டு மணி நேரத்தில் உள்ளே பட்டாசு வெடிப்பது போன்ற ஒலி. சூளை ஆறித் திறந்தபோது யானைகளில் பாதி சிதறிக் கிடந்தன. அவற்றின் துண்டுகள் பட்டு, பக்கத்தில் அடுக்கியிருந்த அகல்களும் உடைந்திருந்தன. அந்த ஆண்டு கார்த்திகைக்கு அவரிடம் விற்கச் சரக்கில்லை.

அவர் என்னிடம் கேட்டது இது: “சார், நூறு டிகிரி வந்தாத்தானே தண்ணி ஆவியாகும்னு சொல்லிக் குடுத்தீங்க? அப்போ நெழல்ல வச்ச அகல் எப்படிக் காஞ்சுது? சரி, நூறைத் தாண்டினா ஆவியாகிப் போயிட வேண்டியதுதானே, அது ஏன் வெடிக்குது?”

இரண்டும் நல்ல கேள்விகள். முதல் கேள்விக்குக் காரணம் என் கற்பித்தலில் இருந்த குறை. கொதித்தலையும் ஆவியாதலையும் நான் போதிய அளவு பிரித்துச் சொல்லவில்லை. இரண்டு கேள்விகளுக்கும் விடை நிலைமை வரைபடத்தின் ஒரே கோட்டில் இருக்கிறது.

மூன்று பரப்புகள், மூன்று கோடுகள்

நீரின் வரைபடத்தில் மூன்று பரப்புகள் உண்டு. இடப்புறம், அதாவது வெப்பநிலை குறைந்த பக்கம், பனிக்கட்டி. மேலே நடுவில் நீர். கீழேயும் வலப்புறத்திலும் ஆவி. ஒரு பரப்புக்குள் இருக்கும்வரை வெப்பநிலையையும் அழுத்தத்தையும் ஓரளவு நம் விருப்பப்படி மாற்றலாம். பொருளின் நிலைமை மாறாது.

பரப்புகளைப் பிரிப்பவை மூன்று கோடுகள். பனிக்கட்டிக்கும் நீருக்கும் இடையே உருகுதல் கோடு. நீருக்கும் ஆவிக்கும் இடையே ஆவியாதல் கோடு. பனிக்கட்டிக்கும் ஆவிக்கும் இடையே பதங்கமாதல் கோடு. கோட்டின் மேல் உள்ள எந்தப் புள்ளியிலும் இரு நிலைமைகளும் சமநிலையில் சேர்ந்திருக்கும். மூன்று கோடுகளும் சந்திக்கும் இடம் மும்மைப் புள்ளி. அங்கே வெப்பநிலை 0.01 °செ, அழுத்தம் 611.7 பாஸ்கல். நாம் வாழும் வளிமண்டல அழுத்தம் 1,01,325 பாஸ்கல். ஆக, மும்மைப் புள்ளியின் அழுத்தம் அதில் நூற்றறுபதில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு.

பாடப்புத்தகப் படத்தில் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு நேராகக் குறுக்கே ஒரு புள்ளிக்கோடு போட்டிருப்பார்கள். அது உருகுதல் கோட்டை 0 °செ-இலும் ஆவியாதல் கோட்டை 100 °செ-இலும் வெட்டும். நாம் மனப்பாடம் செய்த இரண்டு எண்களும் இந்த ஒற்றைப் புள்ளிக்கோட்டின் எண்கள் மட்டுமே. கோட்டை மேலே நகர்த்தினால் கொதிநிலை உயரும். கீழே இறக்கினால் தாழும்.

ஆவியாதல் கோடு

மூடிய வெற்றுக் குடுவையில் சிறிது நீர் இருப்பதாகக் கொள்வோம். உள்ளே காற்று துளியும் இல்லை. நீரின் மேற்பரப்பிலிருந்து மூலக்கூறுகள் பறந்து மேலே சேரும். சில திரும்பவும் நீரில் விழும். போவதும் வருவதும் சமமாகும்போது மேலே உள்ள ஆவி தரும் அழுத்தமே அந்த வெப்பநிலையில் நீரின் ஆவி அழுத்தம் எனப்படும். வரைபடத்தின் ஆவியாதல் கோடு என்பது இந்த எண்களை வரிசையாகக் குறித்த கோடுதான்.

25 °செ — 3.17 கிலோபாஸ்கல்
30 °செ — 4.25 கிலோபாஸ்கல்
60 °செ — 19.9 கிலோபாஸ்கல்
90 °செ — 70 கிலோபாஸ்கல்
100 °செ — 101 கிலோபாஸ்கல்
120 °செ — 199 கிலோபாஸ்கல்
150 °செ — 476 கிலோபாஸ்கல்
200 °செ — 1,555 கிலோபாஸ்கல்

இந்த எண்களை மாணவர்கள் வரைபடத்தாளில் குறித்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். கோடு நேராகப் போகாது. போகப்போகச் செங்குத்தாக ஏறும். 25-இலிருந்து 100 வரை 75 பாகை உயர்வதற்குள் சுமார் 98 கிலோபாஸ்கல் கூடுகிறது. 150-இலிருந்து 200 வரை 50 பாகை உயர்வதற்குள் ஆயிரத்துக்கும் மேல் கூடுகிறது.

கொதித்தல் என்பது நீரின் ஆவி அழுத்தம் அதை வெளியிலிருந்து அழுத்தும் அழுத்தத்துக்குச் சமமாகும் நிலை. அப்போதுதான் நீரின் உள்ளே ஆவிக்குமிழி நசுங்காமல் நிலைத்து நிற்க முடியும். கடல் மட்டத்தில் இது 100 °செ. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் காற்றழுத்தம் குறைவு. நீர் 92–93 °செ-இலேயே கொதித்துவிடும். அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாவதற்குக் காரணம் இதுதான். தீயை எவ்வளவு கூட்டினாலும் கொதிக்கும் நீர் அந்த வெப்பநிலையைத் தாண்டாது. பிரஷர் குக்கரில் நேர்மாறு: உள்ளே மொத்த அழுத்தம் இரண்டு வளிமண்டலத்தை நெருங்கும்போது நீர் 120 °செ வரை நீர்மமாகவே இருக்கும்.

நிழலில் காய்வது எப்படி

முதல் கேள்விக்கு வருவோம். 30 °செ, ஒரு வளிமண்டல அழுத்தம் என்ற புள்ளியை வரைபடத்தில் வைத்தால் அது நீரின் பரப்புக்குள் ஆழமாக விழுகிறது. படத்தின்படி அங்கே ஆவியே இருக்கக்கூடாது. ஆனால் அகல் காய்கிறது, கொடியில் துணி காய்கிறது, குளம் வற்றுகிறது. படம் பொய்யா?

படம் பொய்யல்ல. அது தூய நீருக்கு மட்டும் வரையப்பட்டது. செங்குத்து அச்சில் உள்ள அழுத்தம் நீராவியும் நீரும் மட்டுமே இருக்கும் அமைப்பின் அழுத்தம். நம்மைச் சுற்றியுள்ள 101 கிலோபாஸ்கலில் பெரும்பகுதி நைட்ரஜனும் ஆக்சிஜனும் தருவது. காற்றிலுள்ள நீராவியின் பங்கு அதில் சில கிலோபாஸ்கல்தான். திறந்த வெளியில் நீர் ஆவியாகுமா என்பதைத் தீர்மானிக்க, மொத்தக் காற்றழுத்தத்தை அல்ல, காற்றிலுள்ள நீராவியின் பகுதி அழுத்தத்தை எடுத்து ஆவியாதல் கோட்டோடு ஒப்பிட வேண்டும். அது கோட்டுக்குக் கீழே இருந்தால் நீர் ஆவியாகும். கோட்டைத் தொட்டுவிட்டால் காற்று நிறைவுற்றது, உலர்தல் நின்றுவிடும். வானிலை அறிக்கையில் ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால், அந்த வெப்பநிலைக்குரிய கோட்டின் உயரத்தில் 70 விழுக்காட்டில் நாம் நிற்கிறோம் என்று பொருள்.

இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். சித்திரை மாத நண்பகல், 38 °செ, ஈரப்பதம் 40 விழுக்காடு என்று கொள்வோம். 38 °செ-இல் நீரின் ஆவி அழுத்தம் 6.63 கிலோபாஸ்கல், காற்றில் இருப்பது 2.65. இடைவெளி 3.98. இனி ஐப்பசி அடைமழை நாள், 25 °செ, ஈரப்பதம் 95 விழுக்காடு. கோட்டின் உயரம் 3.17, காற்றில் இருப்பது 3.01. இடைவெளி 0.16.

இரு நாள்களிலும் காற்றிலுள்ள நீராவி ஏறக்குறைய ஒரே அளவுதான் என்பதைக் கவனியுங்கள். மழைநாள் காற்றில் ஏராளமான நீராவி இருப்பதால் களிமண் காயவில்லை என்று சொல்வது பாதி உண்மையே. வெப்பநிலை இறங்கியபோது கோடும் தாழ்ந்து, காற்றில் உள்ளதை நெருங்கிவிட்டது. உலர்த்தும் ஆற்றல் என்பது அந்த இடைவெளி. கணக்கில் அது இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. (நடைமுறையில் வேறுபாடு இவ்வளவு இராது. வெயில் காலத்தில் ஆவியாகும் மேற்பரப்பு தானே குளிர்ந்து, அதன் ஆவி அழுத்தமும் குறையும். சித்திரையில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும், ஐப்பசியில் அப்படி இல்லாததும் இதனால்தான்.)

ஆக, கோடையில் ஒரு வாரம் காய்ந்த சரக்கும் அடைமழையில் ஒரு வாரம் காய்ந்த சரக்கும் ஒன்றல்ல. நாள்காட்டியைப் பார்த்துச் சூளை ஏற்றியதுதான் பிழை. மேலும், மண் காயும்போது முதலில் துகள்களுக்கிடையே உள்ள நீர் போய்த் துகள்கள் நெருங்கும்; பண்டம் சுருங்கும். சுருக்கம் நின்ற பிறகும் துகள்களின் இடுக்குகளில் நீர் தங்கியிருக்கும். அப்போது வெளிப்புறம் வெளுத்து, தொட்டால் காய்ந்ததாகவே படும். பிசைந்த களிமண்ணின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீர் என்பதால், எடை பார்ப்பதே நம்பத்தக்க வழி. ஒரு மாதிரிப் பண்டத்தை நாள்தோறும் தராசில் வைத்து, எடை குறைவது நின்ற பிறகு ஏற்றுவது நல்லது.

சூளைக்குள் நடப்பது

இரண்டாவது கேள்வி. கனமான யானையின் வயிற்றுப் பகுதியில், களிமண்ணின் நுண்துளைகளில் நீர் இருக்கிறது. சூளை மெதுவாகச் சூடேறினால் நீர் ஆவியாகித் துளைகள் வழியே வெளியே போய்விடும். விரைவாகச் சூடேறினால் உள்ளே ஆவி உண்டாகும் வேகம் வெளியேறும் வேகத்தை மிஞ்சும். ஒரு மில்லிலிட்டர் நீர் 100 °செ-இல், வளிமண்டல அழுத்தத்தில் ஆவியானால் ஏறத்தாழ 1.67 லிட்டர் இடம் கேட்கும். சுற்றிலும் களிமண், இடம் இல்லை. எனவே ஆவி விரிய முடியாமல் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். மீதமுள்ள நீர் நூறைத் தாண்டியும் நீர்மமாகவே இருக்கும். அதாவது அந்த நீர் ஆவியாதல் கோட்டின் மேலேயே ஏறிக்கொண்டு போகிறது. 150 °செ-இல் சிக்கிய நீர் 476 கிலோபாஸ்கல் அழுத்தும். வெளியே இருப்பது 101. சுடாத களிமண்ணுக்கு இழுவலிமை மிகக் குறைவு. ஈரமிருந்தால் இன்னும் குறைவு. எங்கோ ஓரிடத்தில் விரிசல் விழுகிறது. விழுந்த நொடியில் அழுத்தம் சட்டெனக் குறைகிறது. 150 °செ-இல் உள்ள நீர் திடீரென்று தன் கொதிநிலைக்கு மிக மேலே இருப்பதாக ஆகிவிடுகிறது. அதில் ஒரு பகுதி ஒரே கணத்தில் ஆவியாகிறது. வெடிப்பொலி அதுதான்.

அழுத்தம் இறங்காத குக்கரின் மூடியை வலிந்து திறப்பதும் இதே செயல். 120 °செ-இல் அமைதியாக இருக்கும் சாம்பாரை ஒரு நொடியில் வரைபடத்தின் ஆவிப் பரப்புக்குள் தள்ளுகிறோம். வீட்டில் பிள்ளைகள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். வரைபடத்தை மறந்தாலும் பரவாயில்லை.

அப்படியானால் சூளையில் என்ன செய்வது? அனுபவமுள்ளவர்கள் தீயைச் சிறிதாக வைத்து, சரக்கை நூறுக்குச் சற்றுக் கீழே பல மணி நேரம் நிறுத்துவர். இதற்குக் காரணம் அட்டவணையிலேயே இருக்கிறது. 90 °செ-இல் ஆவி அழுத்தம் 70 கிலோபாஸ்கல். வெளி அழுத்தமான 101-ஐ அது மிஞ்சவில்லை. எனவே களிமண்ணுக்குள் குமிழி உண்டாகாது, வெடிக்கவும் வழியில்லை. ஆனால் 30 °செ-இல் இருந்த 4.25-ஐவிட அது பதினாறு மடங்கு. உலர்தல் மிக விரைவாக நடக்கும். சுவர் கனமானால் காத்திருக்கும் நேரமும் கூட வேண்டும். அகல்கள் வெடிக்காமல் யானைகள் வெடித்ததற்குச் சுவரின் கனமே காரணம். சூளையின் மேல் துளையருகே குளிர்ந்த கண்ணாடித் துண்டு ஒன்றைக் காட்டி, அது மங்குகிறதா என்று பார்க்கும் பழக்கமும் உண்டு. மங்கினால் இன்னும் நீர் வந்துகொண்டிருக்கிறது.

கோட்டைக் கடக்கச் சுங்கம்

வரைபடம் ஒன்றைச் சொல்வதில்லை. எல்லைக்கோடு எங்கே என்று காட்டும். அதைக் கடக்க எவ்வளவு வெப்பம் செலவாகும் என்று காட்டாது. அந்தச் சுங்கத்துக்குப் பெயர் உள்ளுறை வெப்பம். ஒரு கிலோ நீரை 30 °செ-இலிருந்து 100 °செ வரை சூடாக்க ஏறத்தாழ 293 கிலோஜூல் போதும். 100 °செ நீரை 100 °செ ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். வெப்பமானி அசையாமல் நிற்க, வெப்பம் மட்டும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஈரச் சரக்கைச் சூளையில் ஏற்றுபவர் ஒவ்வொரு கிலோ நீருக்கும் எரிவாயுவாக இந்தச் சுங்கத்தைக் கட்டுகிறார். வெயிலில் காயவைத்தவர் அதைச் சூரியனிடம் வாங்கிக்கொள்கிறார்.

பனிக்கட்டி உருகுவதற்குச் சுங்கம் கிலோவுக்கு 334 கிலோஜூல். நீரின் வெப்பநிலையை 80 பாகை உயர்த்தத் தேவையான அளவு அது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படும் கட்டடம் 1842-இல் பனிக்கட்டிக் கிடங்காகக் கட்டப்பட்டது. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அப்பகுதிக்கு இன்றும் உண்டு. அமெரிக்காவில் குளிர்காலத்தில் ஏரிகளிலிருந்து வெட்டிய பனிக்கட்டியைப் பிரெடரிக் டியூடரின் நிறுவனம் மரத்தூள் சுற்றிக் கப்பலில் கொண்டுவந்தது. வெப்ப மண்டலக் கடல்களை மாதக்கணக்கில் கடந்தும் கட்டி மிஞ்சியதற்கு மரத்தூளோடு இந்த உள்ளுறை வெப்பமும் காரணம்.

மும்மைப் புள்ளிக்குக் கீழே

ஆவியின் அழுத்தம் 611.7 பாஸ்கலுக்குக் கீழே இறங்கிவிட்டால் நீர்மத்துக்கு இடமில்லை. பனிக்கட்டி நேரே ஆவியாகும். ஆவி நேரே பனிக்கட்டியாகும். மார்கழி, தை விடியலில் உதகையின் புல்வெளிகளில் வெண்மையாகப் படியும் உறைபனி இதற்கு நம் மாநிலத்து எடுத்துக்காட்டு. தெளிந்த இரவில் புல் சுழியத்துக்குக் கீழே குளிர்ந்து, காற்றிலுள்ள நீராவி அதன்மேல் நேரடியாகப் படிகமாகிறது. (முதலில் பனித்துளியாக விழுந்து பின்பு உறைவதும் உண்டு, இரண்டும் கலந்தே காணப்படும்.)

இதே மூலையை மருத்துவம் பயன்படுத்திக்கொள்கிறது. சென்னை கிண்டியில் 1948-இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் காசநோய்த் தடுப்பூசியை உறைநிலையில் உலர்த்தித் தூளாகத் தயாரித்துவந்தது. மருந்தை முதலில் உறையவைத்து, பின் காற்றை உறிஞ்சி அழுத்தத்தை மும்மைப் புள்ளிக்குக் கீழே இறக்குவர். பனிக்கட்டி உருகாமலே ஆவியாகிப் போய்விடும். சூடு படாததால் உயிருள்ள நுண்ணுயிர் பிழைத்திருக்கும். களிமண்ணை உலர்த்தச் சூளைக்காரர் கோட்டின் அடியில் காத்திருக்கிறார். தடுப்பூசி செய்பவர் மும்மைப் புள்ளியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போகிறார்.

மும்மைப் புள்ளிக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. 1954 முதல் வெப்பநிலையின் அலகான கெல்வின் அதை வைத்தே வரையறுக்கப்பட்டது. நீரின் மும்மைப் புள்ளி 273.16 கெல்வின். 2019 மே 20 முதல் கெல்வினுக்குப் போல்ட்சுமான் மாறிலி அடிப்படையாகிவிட்டது.

இடப்புறம் சாயும் கோடும், முடிந்துபோகும் கோடும்

பெரும்பாலான பொருள்களுக்கு உருகுதல் கோடு வலப்புறம் சாயும். நீருக்கு இடப்புறம் சாய்கிறது. தேர்வில் இந்தச் சாய்வைத் தவறாகப் போடுபவர் பலர். பனிக்கட்டி நீரைவிட அடர்த்தி குறைந்தது. நீர் உறையும்போது கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும். அழுத்தினால் குறைந்த இடம் பிடிக்கும் நிலைமையே வெல்லும். எனவே அழுத்தம் கூடினால் உருகுநிலை தாழ்கிறது. சாய்வு மிகச் சிறிது: ஒரு பாகை தாழ்த்த ஏறத்தாழ 130 வளிமண்டல அழுத்தம் வேண்டும். உறைபெட்டியில் நிறைய நீர் ஊற்றி மூடிய கண்ணாடிக் குப்பி உடைவது இந்த 9 விழுக்காட்டால்தான். குளிர்நாடுகளில் நீர் உறிஞ்சும் ஓடும் தரைக்கல்லும் பனிக்காலத்தில் பிளப்பதும் அதனால்தான். நம் ஊர் ஓட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

ஆவியாதல் கோடு மேலே போய் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது: 374 °செ, 22.06 மெகாபாஸ்கல், அதாவது சுமார் 218 வளிமண்டலம். இது மாறுநிலைப் புள்ளி. அதற்கப்பால் நீர், ஆவி என்ற வேறுபாடே இல்லை. கொதித்தல் என்ற நிகழ்ச்சியும் இல்லை. கார்பன் டை ஆக்சைடை வைத்து இதைத் தெளிவாக ஆராய்ந்து 1869-இல் விளக்கியவர் தாமஸ் ஆண்ட்ரூஸ். இன்று வடசென்னை மூன்றாம் நிலை அனல்மின் நிலையத்தின் 800 மெகாவாட் அலகு இந்தப் பகுதியில் இயங்குவது. பழைய வகைக் கொதிகலனில் நீரையும் ஆவியையும் பிரிக்க ஒரு பெரிய உருளைக் கலம் இருக்கும். இங்கே பிரிப்பதற்கு இரண்டு இல்லை.

கிப்ஸின் விதி

பரப்பு, கோடு, புள்ளி என்ற இந்த அமைப்புக்கு ஒரு விதி உண்டு. அமெரிக்கரான வில்லர்ட் கிப்ஸ் 1875–1878 காலத்தில் வெளியிட்ட ஆய்வில் தந்தது. கூறுகளின் எண்ணிக்கையிலிருந்து நிலைமைகளின் எண்ணிக்கையைக் கழித்து 2 கூட்டினால், நாம் விருப்பப்படி மாற்றக்கூடியவை எத்தனை என்று தெரியும். இதை உரிமைப்படி என்பர். தூய நீர் ஒரு கூறு. பரப்பில் ஒரு நிலைமை: உரிமைப்படி 2. கோட்டில் இரண்டு நிலைமைகள்: உரிமைப்படி 1, வெப்பநிலையை நாம் தேர்ந்தால் அழுத்தம் தானே அமையும். மும்மைப் புள்ளியில் மூன்று நிலைமைகள்: உரிமைப்படி 0, நமக்கு எந்த உரிமையும் இல்லை.

நிழலில் காய்ந்த அகலின் புதிரும் இதில் அடங்கும். காற்றையும் ஒரு கூறாகச் சேர்த்தால் கூறுகள் இரண்டு, நிலைமைகள் இரண்டு, உரிமைப்படி 2. ஆகவே வெப்பநிலையும் மொத்த அழுத்தமும் எதுவாக இருந்தாலும் நீரும் ஆவியும் சேர்ந்திருக்க முடிகிறது. கோட்டோடு கட்டுண்டிருப்பது ஆவியின் பங்கு மட்டுமே.

வரைபடத்தில் இல்லாத நீர்

இடுக்கு நீரெல்லாம் போன பிறகும் களிமண்ணில் நீர் உண்டு. அது நீராக இருப்பதில்லை. வெண்களிமண்ணின் முதன்மைக் கனிமமான கயோலினைட்டின் படிகத்தில் ஹைட்ராக்சில் தொகுதிகளாகப் பிணைந்திருக்கிறது. அக்கனிமத்தின் எடையில் அது சுமார் 14 விழுக்காடு. 450 முதல் 600 °செ வரையில் பிணைப்பு முறிந்து நீராவியாக வெளியேறும். இது வேதிவினை, மேலே பார்த்த படத்தில் இதைத் தேடக்கூடாது. ஒருமுறை இந்த நீர் போய்விட்டால் களிமண்ணை எவ்வளவு ஊறவைத்தாலும் மீண்டும் பிசைய முடியாது. பச்சை மண் மழையில் கரைவதும், சுட்ட பானை கரையாததும் இந்த எல்லையால்தான்.

அதே வெப்பநிலைகளுக்கிடையே இன்னொரு மாற்றமும் நிகழ்கிறது. களிமண் கலவையிலுள்ள குவார்ட்சு 573 °செ-இல் ஒரு திண்ம நிலைமையிலிருந்து மற்றொரு திண்ம நிலைமைக்கு மாறும். சூடேறும்போது சட்டென விரியும். ஆறும்போது அதே இடத்தில் சட்டெனச் சுருங்கும். ஏறும்போது மண் இன்னும் நுண்துளைகளோடு நெகிழ்வாக இருப்பதால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். இறங்கும்போது பண்டம் கண்ணாடி போல இறுகியிருக்கும். ஒருபுறம் விரைவாக ஆறினால் கீறல் விழுந்துவிடும். என் மாணவர் இப்போது ஏற்றும்போது தொண்ணூறில் காத்திருக்கிறார். இறக்கும்போது 573-ஐ நிதானமாகக் கடக்கவிட்டு, சூளை கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே கதவைத் திறக்கிறார்.